பந்தயச் சிற்றூர்தியைச் செப்பஞ்செய்தல்

விளையாட்டுப் பொருள் என்ற பெயரைக் கேட்ட அளவிலேயே அதனைச் சிறுவர்க்கு உரியதென ஒதுக்கிவிடுதல் பலர்க்கும் இயல்பு. ஆயினும், பட்டத்தின் வாலைக் கூட்டியும் குறைத்தும் பறக்கவிட்டுப் பார்க்கும் சிறுவன் விசைகளின் சமநிலையையே ஆராய்கின்றான் என்பதையும், பம்பரத்தின் ஆணியைத் தேய்த்து நேராக்குபவன் சுழற்சியின் இயல்பையே அறிய முயல்கின்றான் என்பதையும் சிந்திப்போர் விளையாட்டினை எளிதாக எண்ணார். அவ்வகையில் இளையோரும் முதியோரும் ஒருங்கே ஈடுபடும் விளையாட்டுக்களுள் ஒன்று, வானொலி அலைகளினால் தொலைவினின்று இயக்கப்படும் சிறிய பந்தய ஊர்திகளை ஓட்டுவதாகும். அவற்றை வாங்கியவாறே ஓட்டுவோர் சிலர்; உறுப்புக்களை மாற்றியும் திருத்தியும் திறனைப் பெருக்க முயல்வோர் பலர். அம்முயற்சியில் எது முதலிற் செய்யத்தக்கது, எது பின்னர்ச் செய்யத்தக்கது, அதற்குக் காரணம் யாது என்பனவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வானொலி அலையினால் ஒரு பொருளைத் தொலைவினின்று செலுத்தலாம் என்பதை நிக்கோலா தெசுலா 1898 ஆம் ஆண்டில் நியூயோர்க்கு நகரிலே ஒரு சிறு படகைக் கொண்டு பலரறியக் காட்டினார். விற்பனைக்கு வந்த வானொலிவழி இயங்கும் ஊர்திகளுள் முன்னோடியாகக் குறிக்கப்படுவது, 1966 ஆம் ஆண்டில் இத்தாலிய நிறுவனமொன்று 12 இல் ஒரு பங்கு அளவிற் செய்த பெராரி ஊர்தியின் மாதிரியாகும். யப்பானியத் தமியா நிறுவனம் 1976 ஆம் ஆண்டில் அதே அளவில் ஒரு போர்ஷே ஊர்தியை வெளியிட்ட பின்னர் இவ்விளையாட்டு உலகெங்கும் பரவியது. 1999 ஆம் ஆண்டில் மற்றொரு யப்பானிய நிறுவனமாகிய கியோஷோ, மினி-இசட் என்ற பெயருடன் உள்ளங்கையில் அடங்கத்தக்க சிற்றூர்தியைக் கொணர்ந்தது. வீட்டுக் கூடத்திலும் வகுப்பறையிலும் பந்தயம் நடத்தத்தக்கதாயினமையால் அது பெரிதும் விரும்பப்பட்டது. ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது அவ்வகைச் சிற்றூர்தியே.

அதன் அமைப்பு எளிது. பின்புறத்திலுள்ள சிறு மின்மோட்டர் ஒரு சிறு பற்சில்லைச் சுழற்ற, அது பின்னச்சிலுள்ள பெரிய பற்சில்லைச் சுழற்றுகின்றது. முன்சில்லுகளை மற்றொரு சிறு பொறி இடமும் வலமும் திருப்புகின்றது. அடிச்சட்டத்தின் இருமருங்கும் இவ்விரண்டாக நான்கு சிறு மின்கலங்கள் அமைந்துள்ளன. உண்மை ஊர்தியின் வடிவிற் செய்த பிளாத்திக்குக் கூடு இவை யாவற்றையும் மூடிநிற்கின்றது.

இத்தகைய சிற்றூர்தி உண்மை ஊர்தியின் சிறிய படிமமே என்று எண்ணுதல் தவறு. நீளம் 28 இல் ஒரு பங்காகுமிடத்துப் பரப்பு 784 இல் ஒரு பங்காகவும், கனவளவு 21,952 இல் ஒரு பங்காகவும் குறையும். 1,200 கிலோகிராம் நிறையுள்ள ஓர் ஊர்தியை அவ்விகிதப்படி குறைத்தால் ஏறத்தாழ 55 கிராமே கிடைக்கும். சிற்றூர்தியில் உள்ள நான்கு மின்கலங்களின் நிறை மட்டுமே ஏறத்தாழ அவ்வளவாகும். ஆகவே சிற்றூர்தி தன் உருவிற்குப் பெரிதும் நிறைகூடியது. வேகமும் அவ்வாறே. வினாடிக்கு 5 மீற்றர் ஓடினால் மணிக்கு 18 கிலோமீற்றரே ஆயினும், தன் உடலின் நீளத்தோடு ஒப்பிடுகையில் உண்மை ஊர்தி மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் ஓடுவதற்கு அது நிகராகும். தரையிலுள்ள ஒரு மயிரும் ஒரு மணலும் இதன் ஓட்டத்தைக் கெடுப்பது இக்காரணம் பற்றியே.

இனி, இதன் விரைவைப் பெருக்குவது எங்ஙனம் என்பதை நோக்குவாம். தொடக்கநிலையினர் அனைவர்க்கும் முதலில் தோன்றும் விடை, வலிய மோட்டர் ஒன்றைப் பூட்டுதல் என்பதே. அவ்விடையின் மதிப்பை ஒரு சிறு கணக்கினால் அளந்தறியலாம். 20 மீற்றர் நீளமுள்ள ஓடுபாதையில் 12 மீற்றர் வளைவுகளாகவும் 8 மீற்றர் நேர்ப்பகுதியாகவும் உள்ளன எனக் கொள்க. சிற்றூர்தி வளைவுகளை வினாடிக்கு 2 மீற்றர் வீதமும் நேர்ப்பகுதியைச் சராசரி 4 மீற்றர் வீதமும் கடக்குமாயின், வளைவுகளுக்கு 6 வினாடியும் நேர்ப்பகுதிக்கு 2 வினாடியும் சென்று ஒரு சுற்று 8 வினாடியில் முடியும். வலிய மோட்டரினால் நேர்ப்பகுதியின் சராசரி வேகம் 5 மீற்றராக, அதாவது 25 சதவீதம், கூடினால் ஒரு சுற்றுக்கு 0.4 வினாடி மிச்சமாகும். அதற்குப் பதிலாக வளைவின் வேகம் 10 சதவீதம் மட்டும் கூடி 2.2 மீற்றரானால், மிச்சமாவது ஏறத்தாழ 0.55 வினாடி. மோட்டரிற் பெற்ற பெருமாற்றத்தைக் காட்டிலும் வளைவிற் பெற்ற சிறுமாற்றம் பயன்மிக்கதாயிற்று. ஊர்தி தன் நேரத்திற் பெரும்பகுதியை எங்கே செலவிடுகின்றதோ அங்கேயே திருத்தம் தொடங்கவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

வளைவில் வேகத்தை வரையறுப்பது யாது? வட்டப்பாதையில் இயங்கும் பொருளுக்கு மையத்தை நோக்கிய விசை ஒன்று வேண்டும். ஊர்திக்கு அதனைக் கொடுப்பது தரைக்கும் ரயருக்கும் இடையேயுள்ள உராய்வு ஒன்றே. உராய்வுக் குணகத்தையும் புவியீர்ப்பு ஆர்முடுகலையும் வளைவின் ஆரையையும் ஒன்றோடொன்று பெருக்கி, வர்க்கமூலம் கண்டால், வழுக்காது செல்லத்தக்க உயர்வேகம் கிடைக்கும். அரை மீற்றர் ஆரையுள்ள வளைவில் குணகம் 0.8 ஆயின் அவ்வேகம் வினாடிக்கு 1.98 மீற்றர், 1.2 ஆயின் 2.42 மீற்றர். இக்கணக்கில் மோட்டரின் வலிமைக்கு இடமே இல்லை என்பது நோக்கற்பாலது. ஆகவே செப்பஞ்செய்தல் தரையைத் தொடும் ரயரிலே தொடங்கி, படிப்படியாக மேல்நோக்கிச் செல்லவேண்டும்.

ரயர்களின் இரப்பர், மென்மை வன்மை பற்றிப் பல தரங்களாகச் செய்யப்படுகின்றது. 20, 30, 40 என்ற எண்களால் அத்தரங்கள் குறிக்கப்படும். எண் சிறிதாயின் இரப்பர் மென்மையானது. தரையை நன்கு பற்றும். ஆனால் விரைவிலே தேயும். பின்சில்லுகளுக்கு மென்மையானதையும் முன்சில்லுகளுக்குச் சற்று வன்மையானதையும் பொருத்துதல் பொதுவழக்கு. ஏனெனில், உந்துவிசையையும் பக்கவிசையையும் ஒருங்கே தாங்குவன பின்சில்லுகளே. ரயர் சில்லிற் பொருந்தி அசையாதிருத்தற்கு ஓரத்தில் ஒட்டுதலும் உண்டு. இவையெல்லாவற்றினும் எளியதும் பெரும்பாலோர் மறப்பதுமாகிய திருத்தம் ஒன்றுளது. அது ரயரைத் துடைத்தல். தூசி படிந்த விலையுயர்ந்த ரயரிலும் ஈரத்துணியால் துடைத்த பழைய ரயர் நன்கு பற்றுவதை எவரும் ஓடுபாதையிற் காணலாம்.

பற்று மிகுதலும் ஓரளவிற்கு மேல் தீங்காகும். ஊர்தியின் சில்லுகளுக்கு இடையேயுள்ள அகலத்திற் பாதி 3 சதமமீற்றரும், புவியீர்ப்பு மையத்தின் உயரம் 2.5 சதமமீற்றரும் ஆயின், முன்னதைப் பின்னதால் வகுக்க வருவது 1.2. உராய்வுக் குணகம் இவ்வெண்ணைக் கடக்குமாயின், ஊர்தி வழுக்குதற்கு முன்னரே குடைசாயும். மையத்தை 1.5 சதமமீற்றருக்குத் தாழ்த்தினால் அவ்வெல்லை 2 ஆக உயரும். அடிச்சட்டத்தைத் தரைக்கு அணித்தாக அமைத்தலும், கூட்டின் மேற்பகுதியிற் பாரமான அலங்காரங்களைத் தவிர்த்தலும் இதன்பொருட்டே. முன்ரயர்களின் வெளியோரத்தில் விரைவில் உறையும் பசையை மெல்லிதாகப் பூசி, அவ்விடத்துப் பற்றைக் குறைத்துக் குடைசாய்தலைத் தடுப்போரும் உளர். ஒருமுறை கவிழ்ந்து மீண்டும் ஓடத்தொடங்க 4 வினாடி கழியுமாயின், முற்கூறிய 0.55 வினாடி வீதம் ஏழு சுற்றுக்களில் ஈட்டிய பயன் முழுதும் அதனோடு அழியும். கவிழாது ஓடுதலும் விரைவின் ஒரு பகுதியே.

அடுத்து நோக்கவேண்டியது முன்னும் பின்னுமான சமநிலை. திருப்பியும் திரும்பாது முன்பக்கம் வளைவிற்கு வெளியே செல்லுமாயின் முன்சில்லுகளின் பற்றுப் போதாது. பின்பக்கம் வீசுண்டு ஊர்தி சுழலுமாயின் பின்சில்லுகளின் பற்றுப் போதாது. முதலில் இவ்விரண்டில் எது நிகழ்கின்றது என்பதைக் கண்ணூன்றிப் பார்த்து அறிதல் வேண்டும். நோயை அறியாது மருந்து கொடுத்தல் ஆகாது. முன்சில்லின் அச்சாணிகளிலுள்ள சிறு சுருள்விற்களை மென்மையாக்கினால் முன்பற்றுக் கூடும், வன்மையாக்கினாற் குறையும். பின்பகுதியை அடிச்சட்டத்தோடு இணைப்பது கண்ணாடி நாராலோ காபன் நாராலோ செய்த ஒரு மெல்லிய தகடு. அது முறுகி வளைந்து வில்லின் தொழிலைச் செய்கின்றது. மென்தகடு பின்பற்றைக் கூட்டும். வன்தகடு ஊர்தியை விரைவாகத் திரும்பச் செய்யுமாயினும் பின்பக்கம் வீசுதற்கு ஏதுவாகும். தகடு அதிர்ந்துகொண்டேயிருந்தால் சில்லு தரையை விட்டுத் துள்ளும். அவ்வதிர்வை அடக்கச் சிறு தணிப்பான் ஒன்று மேலே பொருத்தப்படும்.

முன்சில்லுகளின் சாய்வும் கருதற்பாலது. மேலிருந்து பார்க்கையில் அவற்றின் முன்முனைகள் சற்று உள்நோக்கி நின்றால் ஊர்தி நேராக உறுதியுடன் ஓடும். சற்று வெளிநோக்கி நின்றால் வளைவில் நுழையும்போது கூர்மையாகத் திரும்பும். முன்னிருந்து பார்க்கையிற் சில்லின் மேல்முனை சிறிது உள்நோக்கிச் சாய்ந்திருப்பின், வளைவிலே ஊர்தி வெளிப்புறம் சரியும்போது ரயரின் முழு அகலமும் தரையிற் படியும். இம்மாற்றங்கள் ஒன்று இரண்டு பாகை அளவிலேயே நிகழவேண்டும்.

சில்லிற்கு அடுத்தது அச்சு. மலிவான ஊர்திகளில் அச்சு பிளாத்திக்கு வளையங்களினூடே உராய்ந்து சுழலும். அவற்றை நீக்கி, பெயாரிங் எனத் தொழிலாளர் வழங்கும் குண்டுப்போதிகைகளைப் பொருத்துதல் மிகுந்த பயன்தரும் மாற்றங்களுள் ஒன்றாகும். வழுக்கி உராய்தல் உருண்டு செல்லுதலாக மாறுவதனால் மோட்டரின் திறன் வீணாவது குறையும். மின்கலமும் நெடுநேரம் தாங்கும். கம்பளத்தில் ஓடிய ஊர்தியின் அச்சிலே நூலும் மயிரும் சுற்றிக்கொள்வது வழக்கமாதலின், ஓட்டத்தின் பின்னர் அவற்றை நீக்கவேண்டும்.

வளைவிலே வெளிச்சில்லு உட்சில்லினும் நெடுந்தூரம் ஓடவேண்டியிருக்கின்றது. அரை மீற்றர் ஆரையுள்ள வளைவில் உட்சில்லு 47 சதமமீற்றர் ஆரையிலும் வெளிச்சில்லு 53 சதமமீற்றர் ஆரையிலும் சென்றால், வெளிச்சில்லு ஏறத்தாழ 13 சதவீதம் கூடுதலாகச் சுழலவேண்டும். இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பொருந்தியிருப்பின் ஒன்று தரையிற் சறுக்கியே தீரும். இக்குறையைப் போக்குவது டிபரன்சியல் எனப்படும் உறுப்பு. இரு வளையங்களுக்கு இடையே சிறு குண்டுகளை வைத்து அழுத்திச் செய்யும் வகை இவ்விளையாட்டிற் பெரிதும் பயன்படுகின்றது. அதனை 1980 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியியலாளர் செசில் சூமாக்கர் இவ்வூர்திகளுக்கென அமைத்தார். அழுத்தத்தைத் திருகு ஒன்றினால் மாற்றலாம் என்பதே அதன் சிறப்பு. மிகத் தளர்த்தினால் உந்துவிசை சில்லைச் சேராது வழுவும். மிக இறுக்கினால் உறுப்பு இருந்தும் இல்லாததேயாகும்.

இனி மோட்டரும் பற்சில்லும். அச்சிலுள்ள பற்சில்லிற்கு 44 பற்களும் மோட்டரிலுள்ளதற்கு 6 பற்களும் இருப்பின், அச்சு ஒருமுறை சுழல மோட்டர் 7.33 முறை சுழலவேண்டும். 9 பற்களாயின் 4.89 முறை போதும். மோட்டர் நிமிடத்திற்கு 20,000 முறை சுழல்வதாகவும் சில்லின் விட்டம் 24 மில்லிமீற்றர் எனவும் கொண்டால், முன்னையதில் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 3.4 மீற்றர், பின்னையதில் ஏறத்தாழ 5.1 மீற்றர். ஆனால், வேகம் கூடியவிடத்து முறுக்கம் குறையும். வளைவிலிருந்து வெளிப்படும்போது வேண்டுவது முறுக்கமே. ஆதலின், வளைவு மிகுந்த சிறு பாதைக்குச் சிறிய மோட்டர்ப் பற்சில்லும், நெடிய நேர்ப்பாதைக்குப் பெரிய மோட்டர்ப் பற்சில்லும் ஏற்றனவாகும். சிறு செலவிற் செய்யத்தக்க இம்மாற்றம், சிலவேளை புதிய மோட்டர் தரும் பயனைத் தானே தந்துவிடும்.

வலிய மோட்டர் வேண்டியதேயாயின், அதற்கு முன்னர் அதன் விளைவை அறிந்துகொள்ளவேண்டும். மோட்டருக்குச் செல்லும் மின்னோட்டம் மின்சுற்றுப் பலகையிலுள்ள சிறு திரான்சிற்றர்களினூடே செல்கின்றது. அவற்றில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கு விகிதசமமானது. மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். இதனை எண்ணாது மோட்டரை மட்டும் மாற்றியவர் பலர், முதல் ஓட்டத்திலேயே பலகை கருகுவதைக் கண்டுள்ளனர். மோட்டரின் விலையினும் பலகையின் விலை கூடியதாதலின் அவ்விழப்புச் சிறிதன்று. திரான்சிற்றர் ஒன்றன்மேல் ஒன்றைச் சமாந்தரமாகப் பற்றாசு வைத்து இணைத்தால், ஒவ்வொன்றும் பாதி மின்னோட்டத்தையே தாங்கும். ஒவ்வொன்றிலும் எழும் வெப்பம் நாலில் ஒன்றாகும். இஃது எளிய வேலையன்று, கைப்பழக்கமுடையோர்க்கே உரியது.

மின்கலத்தைத் தேர்தலிலும் ஒரு மயக்கம் உண்டு. காரமின்கலம் 1.5 உவோற்றும், மீள மின்னேற்றத்தக்க நிக்கல்–உலோக ஐதரைட்டுக் கலம் 1.2 உவோற்றும் உடையன. ஆகவே நான்கு கலங்களுக்கு முன்னையது 6 உவோற்றும் பின்னையது 4.8 உவோற்றும் தருமாதலின், முன்னையதே வலிதெனத் தோன்றும். அகத்தடையைக் கணக்கிற் சேர்த்தால் முடிவு மாறும். காரமின்கலம் ஒன்றின் அகத்தடை 0.2 ஓம் எனவும், மற்றையது 0.05 ஓம் எனவும் கொண்டு, 4 அம்பியர் மின்னோட்டம் செல்கையிற் கணித்தால், முன்னையதில் 3.2 உவோற்று உள்ளேயே வீணாகி 2.8 எஞ்சும், பின்னையதில் 0.8 மட்டும் வீணாகி 4 எஞ்சும். வெளியே எழுதப்பட்ட எண்ணைக் கொண்டு ஒன்றின் ஆற்றலை மதிப்பிடலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

எஞ்சியது வானொலித் தொடர்பும் ஓட்டுவோன் கையும். முற்பட்ட சிற்றூர்திகள் 27 மெகாஏட்சு மீடிறனில், பளிங்கு ஒன்றினால் வரையறுக்கப்பட்ட அலைவரிசையில் இயங்கின. ஒரே அலைவரிசையில் இருவர் ஓட்டினால் ஒருவர் கட்டளையை மற்றவர் ஊர்தியும் கேட்டுத் தடுமாறும். பின்னர் வந்த 2.4 கிகாஏட்சுக் கருவிகள் ஒவ்வோர் ஊர்தியையும் அதற்குரிய கருவியோடு பிணைத்து அவ்விடர்ப்பாட்டைப் போக்கின. கருவியிலே திருப்பத்தின் அளவைக் குறைக்கவும், நடுநிலையைச் சிறிது இடம்வலமாக நகர்த்தவும் வசதியுண்டு. ஊர்தி ஒருபக்கம் இழுக்கின்றதெனின், அச்சு வளைந்துள்ளதா, ஒரு சில்லு இறுகியுள்ளதா என்று ஆராயாது கருவியினால் ஈடுசெய்தல், குறையை மறைத்தலேயன்றித் தீர்த்தலாகாது.

இத்தனை மாற்றங்களையும் அறிந்த ஒருவர், அவற்றை ஒருநாளிலே ஒருங்கே செய்துவிடின் விளைவு யாது? ஊர்தி விரைந்தாலும் எதனால் விரைந்தது என்பதை அறியார். தாழ்ந்தாலும் எதனால் தாழ்ந்தது என்பதை அறியார். ஆகவே ஒருநேரத்தில் ஒரு மாற்றமே செய்யவேண்டும். மாற்றுமுன் பத்துச் சுற்றும், மாற்றியபின் பத்துச் சுற்றும் நிறுத்தற்கடிகாரத்தால் அளந்து, குறிப்பேட்டில் எழுதவேண்டும். அதிவிரைவான ஒரு சுற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மகிழாது, பத்தின் சராசரியையும் கவிழ்ந்த தடவைகளையும் சேர்த்து நோக்கவேண்டும். மாற்றியபோது புதிதாக மின்னேற்றிய கலத்தையும் இட்டிருந்தால், கலத்தின் பயனை வில்லின் பயனென மயங்க நேரும். ஐயம் எழுமாயின், முன்னைய உறுப்பை மீண்டும் பொருத்தி ஓட்டிப்பார்த்தலே முடிவான சோதனை. பணம் கொடுத்து வாங்கிய உறுப்புப் பயனற்றதென எழுத மனம் எளிதில் இசையாது. ஆயினும், எழுதத் துணிந்தவனே அடுத்த பந்தயத்தில் முன்னேறுவான்.

பந்தயக் கழகங்கள் சில வகுப்புக்களில் அனைவர்க்கும் ஒரே மோட்டரை விதித்தலும் இக்கருத்துப் பற்றியே. பொருளுடையார் மோட்டரினால் வெல்லும் வாயில் அடைபடும்போது, ரயரைத் துடைத்தவனும், அச்சை நேராக்கியவனும், சுற்றுக்களை அளந்து எழுதியவனும் முன்வருகின்றனர். உராய்வு, முறுக்கம், புவியீர்ப்பு மையம், அகத்தடை என நூலிலே சூத்திரங்களாகக் கிடப்பன யாவும் உள்ளங்கையளவான இவ்வூர்தியில் உயிர்பெற்று ஓடுகின்றன. விலைகூடிய மோட்டரை வாங்கப் பணம் சேர்க்கும் மாணவன், அதற்கு முன்னர் ஓர் ஈரத்துணியையும் ஒரு குறிப்பேட்டையும் ஒரு கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு ஓடுபாதைக்குச் செல்வானாயின், அம்மோட்டர் தனக்கு வேண்டியதா இல்லையா என்பதை அவன் தானே கண்டுகொள்வான்.